வண்டிக்கு மினுக்கம், கைக்குப் புண்

பதுளையிலிருந்து வருகிற ஏ5 வீதி திருகோணமலை வீதியில் முட்டுகிற இடம்தான் செங்கலடிச் சந்தி. மணல் டிப்பர், நெல் லொறி, வயலுக்குப் போய்வந்த லேண்ட்மாஸ்டர், கம்பஸ் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, வான் எல்லாம் இந்தச் சந்தியைத் தொட்டுத்தான் போகும். சேறும் புழுதியும் கடற்கரை உப்புக்காற்றும் படிந்த இந்த வாகனங்களைக் கழுவிக் கொடுப்பது இங்கே ஒரு தொழில். அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர்தான். ஓ.எல். முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காத தம்பிமார் இருக்கிறார்கள். கட்டாரிலோ சவூதியிலோ சில வருடம் உழைத்துவிட்டு, கொண்டுவந்த காசில் ஒரு பிரஷர் மெஷினும் தண்ணீர்த் தாங்கியும் வாங்கிப்போட்ட அண்ணன்மாரும் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை அவர்களைத் திட்டுவதற்கல்ல. அவர்களின் கையில் கொடுக்கப்படுகிற பெயரில்லாப் போத்தலைப் பற்றித்தான் எங்கள் சண்டை. ஐந்து லீற்றர்க் கலன், வெட்டிய சோடாப் போத்தல், மூடியில் துளை போட்ட தண்ணீர்ப் போத்தல், உள்ளே நீலம், ரோஸ், மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று. கேட்டால் வருகிற பதில் "அது அலோய்க்கு அடிக்கிறது", "அது சீட்டுக்கு", "அது டயருக்கு". எதற்கு அடிக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். என்ன அடிக்கிறோம் என்பது கழுவுகிறவருக்கும் தெரியாது, வாகனக்காரருக்கும் தெரியாது, ஊற்றிக்கொடுத்த கடைக்காரருக்கும் பல நேரம் தெரியாது.

நாங்கள் சொல்ல வருவது இவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத ஒரு சுத்திகரிப்புப் பொருளை வாங்கக்கூடாது, விற்கக்கூடாது, எங்கள் வாகனத்தில் பூசவும் விடக்கூடாது. எப்படி மினுக்கினாலும் சரி, எவ்வளவு மலிவானாலும் சரி.

இந்தப் போத்தல்கள் எங்கிருந்து வந்தன?

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதிதான். கிட்டத்தட்ட ஐந்து வருடம் இந்த நாட்டுக்குள் புதுக்கார் வரவில்லை. இருந்த பழைய வாகனம் எல்லாம் தங்கம் மாதிரி விலை ஏறியது. பத்து வருடம் ஓடிய காரையும் கழுவி, மினுக்கி, உள்ளே வாசம் அடித்து விற்றால் வாங்கின விலையை விடக் கூடவே கிடைத்தது. டீட்டெய்லிங் என்ற சொல் எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். அதுவரை "சேர்விஸ்" அல்லது "பொடி வோஷ்" என்று மட்டும் எழுதியிருந்த பலகைகளில் "நானோ", "செராமிக்", "இன்ரீரியர்" எல்லாம் ஏறின.

இதே காலத்தில் 2022 வந்தது. மார்ச் மாதம் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து வருகிற முறையான பொருட்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, அந்த இடத்தைப் பிடித்தது உதிரியாக ஊற்றி விற்கிற சரக்கு. பெரிய பீப்பாயில் வந்ததைக் கலனில் பிரித்து, கலனில் வந்ததைப் போத்தலில் பிரித்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு லேபல் கழன்று போனது. கடைசியில் நிறமும் வாசமும் மட்டும் மிஞ்சின.

நெருக்கடிக் காலத்தில் ஆட்கள் சமாளித்ததை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நெருக்கடிக்குச் சமாளித்த முறை இப்போது தொழில்முறையாகவே நிலைத்துவிட்டது. அதைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

அலோய்க்கு அடிக்கிறது

எல்லாப் போத்தலும் ஒரே அளவு ஆபத்தானது என்று சொல்லமாட்டோம். ஷம்பு வேறு, அசிட் வேறு. முதலில் மிக மோசமானதைப் பார்ப்போம்.

பிரேக் தூசு படிந்து கறுத்துப்போன அலோய் வீலில் ஒரு திரவத்தை விசிறி, ஒரு நிமிடம் விட்டுத் தண்ணீர் அடித்தால் புதுசு மாதிரி வெள்ளையாகிறது. இப்படி உடனடி வெளுப்புத் தருகிற வீல் கிளீனர் பலவற்றில் அமிலம் இருக்கும். உலகம் முழுவதும் இந்த வேலைக்குப் பயன்பட்டுவந்த அமிலங்களில் ஒன்று ஐதரோபுளோரிக் அமிலம். இன்னொன்று அதன் உறவுக்காரன், அமோனியம் பைபுளோரைட்டு. தண்ணீரில் கரைந்ததும் அதே புளோரைட்டு வேலையைத்தான் அதுவும் செய்யும்.

மற்ற அமிலம் கையில் பட்டால் உடனே எரியும், நாங்களும் உடனே கழுவுவோம். ஐதரோபுளோரிக் அமிலத்தின் கெட்டித்தனம் வேறு. செறிவு குறைந்ததாக இருந்தால் பட்ட நேரம் ஒன்றும் தெரியாது. வலி தொடங்க 24 மணித்தியாலம் வரை கூட ஆகலாம். அதற்குள் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பில் இருக்கிற கல்சியத்தைப் பிடித்துக் கட்டத் தொடங்கியிருக்கும். சதை அழுகலாம், எலும்பு பாதிக்கப்படலாம். அளவு கூடினால் இரத்தத்தில் கல்சியம் இறங்கி இதயத் துடிப்பே குழம்பும். இரவு படுக்கும்போது விரல் நுனி குத்திக்குத்தி வலிக்கிற ஒரு தம்பிக்கு, காலையில் அடித்த போத்தல்தான் காரணம் என்று எப்படித் தோன்றும்? "தண்ணிக்குள்ள நிண்டது, ஊறிப்போச்சு" என்றுதான் நினைப்பார்.

இது பயங்காட்டுகிற கதையல்ல. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2001 முதல் 2013 வரை கார், ட்ரக் கழுவுகிற வேலையில் இந்த அமிலத்தால் எரிகாயப்பட்ட 48 தொழிலாளர்களின் விபரம் 2015 இல் வெளியானது. அதில் ஏழு பேர் ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பெற வேண்டி வந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இறுக்கமாக இருக்கிற, ஒவ்வொரு காயமும் எழுத்தில் பதிகிற ஒரு இடத்தில் கிடைத்த எண்ணிக்கை அது. எங்கள் ஊரில் கை வெந்தால் அது எங்கே பதிகிறது? ஒரு பார்மசியில் ஒரு களிம்பு, இரண்டு நாள் லீவு, அதோடு கணக்கு முடிந்தது.

இந்த அமிலம் பட்டதாகச் சந்தேகம் வந்தால், உடுப்பைக் கழற்றி, ஓடுகிற தண்ணீரில் உடனே நன்றாகக் கழுவ வேண்டும். வலி இல்லை என்று இருந்துவிடக்கூடாது. செங்கலடி ஆஸ்பத்திரிக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ உடனே போக வேண்டும். கடுமை என்றால் 1990 க்கு அழைக்க வேண்டும். இதற்குக் கல்சியம் குளுக்கோனேற்று என்ற தனி மருந்து இருக்கிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நஞ்சுத் தகவல் நிலையம் ஒன்றும் இருக்கிறது, வைத்தியர் அங்கே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எந்த வைத்தியரும் முதலில் கேட்கிற கேள்வி "என்ன பட்டது?" என்பதுதான். பெயரில்லாப் போத்தலைக் கொண்டுபோய் நீட்டி அதற்கு என்ன பதில் சொல்வது? லேபல் என்பது அழகுக்கு ஒட்டுகிற கடதாசியல்ல. ஆபத்து நேரத்தில் அதுதான் மருந்துச் சீட்டின் முதல் வரி.

எங்கள் முடிவு இது. வீதியோரக் கழுவுமிடத்தில் ஐதரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைட்டோ இருக்கவே கூடாது. மெல்லிய ஆஸ்பத்திரிக் கையுறை அதைத் தடுக்காது. அலோய் வெளுக்க வேறு வழி இருக்கிறது. வீல் ஆறிய பிறகு ஷம்பு, மென்மையான பிறஷ், இன்னும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கொடுக்க மனமில்லாத வாகனக்காரரின் அவசரத்தைத்தான் அந்தத் தம்பியின் விரல் சுமக்கிறது.

மற்றப் போத்தல்கள்

அடுத்தது, மலசலகூடம் கழுவுகிற அசிட். கண்ணாடியில் படிந்த கிணற்றுத் தண்ணீர்க் கறையை எடுக்க இதை ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம். குரோம், அலுமினியம், றப்பர் எல்லாவற்றையும் அது தின்னும். அதே வாளியில் வெளுக்கிற குளோரின் திரவம் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய கராஜுக்குள் அது நடந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓட வேண்டியதுதான்.

அடுத்தது மண்ணெண்ணெயும் டீசலும். தார் கழற்ற, எஞ்சின் கழுவ, அடிப்பகுதியில் விசிற, கடைசியில் கையையும் கழுவ. இது தோலின் எண்ணெயை உரித்தெடுத்து வெடிப்பும் அரிப்பும் தருகிறது. விசிறும்போது புகாராகப் பறப்பது நெஞ்சுக்குள் போகிறது. டயர் கறுப்பாக மினுங்கப் பூசுகிற மலிவான திரவங்களிலும் இதே மாதிரிக் கரைப்பான்கள் உண்டு. பூசிய அன்று டயர் பளபளக்கும். நாளாக நாளாக அந்தக் கரைப்பான் றப்பரையே உலர்த்தும்.

உள்பக்கத்துக்கு அடிக்கிற "ஓல் பேர்பஸ்" திரவங்கள் சிலவற்றில் 2-பியூட்டொக்சிஎதனோல் என்று ஒரு கரைப்பான் இருக்கும். தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியது அது. கண்ணாடி ஏற்றிய வானுக்குள் தலையை விட்டுக்கொண்டு அரைமணி நேரம் சீட் தேய்க்கிறவர் அதை மூக்காலும் எடுக்கிறார், கையாலும் எடுக்கிறார்.

"நாங்க அசிட் ஒண்டும் பாவிக்கிறல்ல, சோப்புத்தூள்தான்" என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆளுக்கு அது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. வாகனத்துக்குத்தான் ஆபத்து. உடுப்புக் கழுவுகிற தூள் காரத்தன்மை கூடியது. கோப்பை கழுவுகிற திரவம் எண்ணெயை உரிக்கவென்றே செய்தது. சட்டிக் கொழுப்பு எது, பெயின்ற் மேல் இருக்கிற வக்ஸ் எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் உரிக்கும். இன்றைய காரின் நிறத்துக்கு மேலே இருக்கிற தெளிவான பூச்சு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன் தடிப்புத்தான். தலைமயிர் ஒன்றின் தடிப்பை விடக் குறைவு. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது அதுதான். அதன் மேல் இருக்கிற வக்ஸ் போனால் எங்கள் வெயிலும் உப்புக்காற்றும் நேரே அதைப் பிடிக்கும். கழுவக் கொடுத்த காசைப் போல பல மடங்கைப் பிறகு பெயின்ற்காரரிடம் கொடுக்க வேண்டி வரும். வாகனத்துக்கென்று செய்த, பிஎச் 7 ஐ அண்டிய ஷம்பு தேவை என்பது இதனால்தான்.

பலகையில் எழுதியிருப்பது

போத்தலில் ஒன்றும் எழுதாதவர்கள் பலகையில் மட்டும் நிறைய எழுதுகிறார்கள். அதையும் கொஞ்சம் வாசித்துப் பார்ப்போம்.

"9எச் கடினம்" என்று செராமிக் கோட்டிங் விளம்பரங்களில் வரும். வைரம் அளவு கடினம் என்பது போல விற்பார்கள். 9எச் என்பது பென்சில் கடினம். பெயின்ற் தொழிலில் இருக்கிற ஒரு சோதனை அது. வேறு வேறு கடினமுள்ள பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்ப்பது. 9எச் என்றால் பென்சில் வரிசையில் மிகக் கடினமான பென்சிலும் கீறவில்லை என்று பொருள். எங்கள் வீதியில் பறக்கிற மணலில் இருக்கிற குவாட்ஸ், பென்சிலை விட எத்தனையோ மடங்கு கடினமானது. ஊத்தைத் துணியால் தேய்த்தால் 9எச்சும் கீறும். செராமிக் கோட்டிங் வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. தண்ணீர் நிற்காது, கழுவுவது சுலபம், அந்த நன்மை உண்மை. ஆனால் கீறவே கீறாது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்குவது ஏமாற்று.

"சூழலுக்குப் பாதுகாப்பானது", "உக்கக்கூடியது" என்பது அடுத்தது. உக்கக்கூடியது என்று சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது. ஓஈசிடி 301 என்ற சோதனையில், 28 நாளுக்குள் குறைந்தது 60 முதல் 70 வீதம் சிதைந்தால்தான் இலகுவில் உக்கும் பொருள். அந்த இலக்கம் ஏதும் இல்லாமல் ஒரு பச்சை இலைப் படம் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. இலைப்படம் யாரும் அச்சடிக்கலாம்.

கழுவின தண்ணி எங்க போகுது?

எங்கள் பக்கத்து மண் மணல் மண். தண்ணீர் கொஞ்ச ஆழத்திலேயே கிடைக்கும். அதனால்தான் வளவுக்கு ஒரு கிணறு வைத்திருக்கிறோம். ஆனால் தண்ணீர் இலகுவில் மேலே வருகிற மண்ணில், மேலே ஊற்றுவதும் இலகுவில் கீழே போகும். கழுவுமிடத்துப் பின்வளவில் இறங்குகிற எண்ணெயும் சவர்க்காரமும் அசிட்டும் வேலியைப் பார்த்து நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக் கிணறு வரை போகும்.

சுன்னாகத்தை மறந்துவிட்டோமா? அங்கே மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, குடிக்கிற கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அது பெரிய நிறுவனம், எங்கள் கழுவுமிடங்கள் சின்னவை, இரண்டும் ஒன்றல்ல, தெரியும். சுன்னாகத்தில் ஒரு பெரிய குற்றவாளியைக் கைகாட்ட முடிந்தது. இங்கே நூறு சின்னத் துளிகள். யாரையும் கைகாட்ட முடியாத மாசைத் துடைப்பது இன்னும் கஷ்டம்.

நிலத்துக்குள் இறங்காதது வடிகானுக்குள் போகும், வடிகான் வாவிக்குப் போகும். வடக்கே பங்குடாவெளியில் தொடங்கித் தெற்கே சம்மாந்துறைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் கிடக்கிற வாவியின் வடமுனை எங்களுடையது. அந்த வாவி ஆறு மாதிரி ஓடுவதுமில்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்ளும். மாரியில் மழைவெள்ளம் வந்து முகத்துவாரம் திறக்கும் வரை உள்ளே விட்டது உள்ளேயேதான் கிடக்கும். சவர்க்காரப் பொருட்கள் மீனின் பூவைத்தான் முதலில் பிடிக்கும். நோனைல்பீனோல் எதொக்சிலேற்று என்ற மலிவான சவர்க்காரப் பொருள் சிதைந்தால், மீனின் உடம்புக்குள் பெண் ஹோர்மோன் மாதிரி நடிக்கிற ஒரு இரசாயனமாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் சட்டம் கொண்டுவந்து, 2005 முதல் சுத்திகரிப்புப் பொருட்களில் அதை 0.1 வீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. எங்கள் கலனுக்குள் அது இருக்கிறதா? லேபலே இல்லாத கலனிடம் யார் கேட்பது? பாடும் மீன் என்று ஊர்ச் சின்னத்தில் மீனை வைத்துக் கொண்டாடுகிற நாங்கள், அது என்ன தண்ணீரில் நீந்துகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

சாக்குகளுக்குப் பதில்

"நல்ல சாமான் விலை கூட." போத்தல் விலையைப் பார்த்தால் கூடத்தான். ஆனால் கணக்குப் போட வேண்டியது வாளி விலையை. லேபலில் 1:100 கலவை என்றால் 10 லீற்றர் வாளிக்கு 100 மில்லிலீற்றர், ஒரு லீற்றரில் பத்து வாளி. 1:500 என்றால் 20 மில்லிலீற்றர், ஒரு லீற்றரில் ஐம்பது வாளி. பெயரில்லாக் கலனில் இந்த விகிதமும் இல்லை. நுரை வரும் வரை ஊற்றுகிறார்கள். மலிவு என்று வாங்கினது இரண்டு நாளில் முடிகிறது. விகிதம் தெரியாத பொருள் மலிவா விலையா என்று சொல்லவே முடியாது.

"இவ்வளவு காலம் பாவிக்கிறம், ஒண்டும் ஆகல்ல." வெடித்த உள்ளங்கை, எரிகிற கண், இருமல் எல்லாம் ஒன்றுமில்லை என்று பழகிவிட்டோம். மெதுவாக வருகிற கேட்டுக்குச் சத்தம் இல்லை என்பதற்காக அது கேடில்லை என்றாகாது.

"கிளவுஸ் குடுத்தாலும் பொடியன்மார் போடமாட்டாங்க." அளவில்லாத, ஓட்டை விழுந்த, வியர்வை வழிகிற கையுறையை யார்தான் போடுவார்? முதலாளி தன் பிள்ளைக்கு வாங்குவது போல வாங்கிக் கொடுக்கட்டும், போடாவிட்டால் பிறகு பேசுவோம். அதோடு கையுறை கடைசிக் காவல்தான். ஆபத்தான சரக்கை உள்ளே எடுக்காமல் விடுவதுதான் முதற்காவல்.

"கஸ்டமர் மினுக்கத்தைத்தான் கேக்கிறார்." இது உண்மை. இந்தப் பழியில் பெரும்பங்கு வாகனம் வைத்திருக்கிற எங்களுக்குத்தான். முந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம், பத்து நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறோம், முடிந்ததும் படம் எடுத்துப் போடுகிறோம். அந்தப் படத்தில் சில்லு தெரிகிறது. சில்லைக் கழுவின கை தெரிவதில்லை.

வாசிக்க முடியாத லேபல்

லேபல் இருந்தாலும் இன்னொரு சிக்கல். ஆங்கிலத்தில் இருக்கும், சீனத்தில் இருக்கும், தாய்லாந்து மொழியில் இருக்கும், சிங்களத்தில் இருக்கும். தமிழில் இருப்பது அரிது. 1987 இல் 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி ஆகிவிட்டது. தெருப் பெயர்ப் பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் கோபப்படுகிறோம், சரிதான். ஆனால் "கண்ணில் பட்டால் உடனே கழுவவும்" என்ற வரி தமிழில் இல்லாததற்கு அதைவிடக் கூடக் கோபம் வரவேண்டும். பலகையில் எழுத்துப் பிழைத்தால் மானம்தான் போகும், இங்கே கண் போகும்.

அதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, லேபல் எப்படி இருக்க வேண்டும் என்று பணிப்புரை விடுகிற அதிகாரத்தை அந்தச் சபைக்குக் கொடுக்கிறது. அது செய்யாத வேலையுமில்லை. பெயின்றில் ஈயம் கூடவாக இருக்கிறது என்று சுற்றாடல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்ட பின்னர், 2011 இல் இதே அதிகாரசபை ஈயத்துக்கு எல்லை வைத்து வர்த்தமானி வெளியிட்டது, 2013 இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. யாரோ சோதித்தார்கள், யாரோ கேட்டார்கள், சட்டம் அசைந்தது. வாகனச் சுத்திகரிப்புப் பொருளுக்கு இன்னும் யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்கலாம், இலக்கம் 1977.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வாகனச் சேர்விஸ் நிலையங்கள் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும். எண்ணெய் பிரிக்கிற தொட்டி இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம். அதிகாரிகள் வந்து சின்னக் கழுவுமிடத்தை மட்டும் மூடிவிட்டுப் போகிற நாடகம் எங்களுக்கு வேண்டாம். தொட்டி எப்படிக் கட்டுவது என்று சொல்லிக் கொடுக்கட்டும், அதற்குக் கடன் ஏற்பாடு செய்யட்டும், பிறகு சட்டத்தை நீட்டட்டும். சரக்கை ஊற்றி விற்கிற மொத்தக் கடையைத் தொடாமல், அதை வாங்கிப் பாவிக்கிற தம்பியை மட்டும் பிடிப்பது நியாயமல்ல.

கடையில் கேட்க வேண்டியவை

சட்டம் வரும்போது வரட்டும், நாளைக்குக் கடைக்குப் போகிறவர் என்ன செய்வது? நாங்கள் இப்படிச் செய்யலாம் என்கிறோம்.

ஒன்று, செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் இலங்கை முகவரியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பிரச்சினை வந்தால் போய்க் கேட்க ஒரு கதவு வேண்டும்.

இரண்டு, பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேளுங்கள். முறையான இரசாயனப் பொருள் எதற்கும் 16 பகுதி கொண்ட அந்தத் தாள் இருக்கும். பொருளின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடினாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அதுவே ஒரு பதில்.

மூன்று, மொழி தெரியாவிட்டாலும் இலக்கம் வாசிக்கலாம். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் சிஏஎஸ் இலக்கம் என்று ஒன்று இருக்கிறது, எந்த நாட்டு லேபலிலும் அது மாறாது. 7664-39-3 என்றால் ஐதரோபுளோரிக் அமிலம். 1341-49-7 என்றால் அமோனியம் பைபுளோரைட்டு. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் தொடவே வேண்டாம். 111-76-2 என்றால் முன்னே சொன்ன 2-பியூட்டொக்சிஎதனோல், காற்றோட்டமும் கையுறையும் இல்லாமல் வேண்டாம். 9016-45-9 என்றால் மீனுக்கு எமனான அந்த எதொக்சிலேற்று. இந்த நாலு இலக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு, சிவப்புக் கரை போட்ட சாய்சதுரத்துக்குள் இருக்கிற படங்களைப் பாருங்கள். கையையும் உலோகத்தையும் அரிக்கிற படம், மண்டையோடு, தீ. ஐக்கிய நாடுகள் சபை வகுத்த ஒன்பது சின்னங்கள் அவை, படிப்பறிவு தேவையில்லை.

ஐந்து, உதிரியாக ஊற்றி வாங்கத்தான் வேண்டுமென்றால், மூலக் கலனின் லேபலைப் படம் எடுத்து உங்கள் போத்தலில் ஒட்டுங்கள். சோடாப் போத்தலில் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். வெயிலில் தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது சோடாவாகத்தான் தெரியும்.

ஆறு, வாகனம் கழுவக் கொடுக்கும்போது கேளுங்கள், அதட்டாமல். "தம்பி, அலோய்க்கு அசிட் அடிக்க வேணாம், ஷம்பு போட்டு பிறஷால தேய்ச்சா போதும். நேரம் போனாலும் பரவாயில்ல, காசக் கூட்டித் தாறன்." இப்படிச் சொல்வதற்கு ஒரு நிமிடம் கூடச் செல்லாது. பத்துப் பேர் சொன்னால் அந்தப் போத்தல் அந்த இடத்தை விட்டுத் தானாகப் போகும், ஏனென்றால் அதை அங்கே கொண்டுவந்ததே எங்கள் அவசரம்தான்.

கழுவுமிடம் நடத்துகிற அண்ணன்மாரிடமும் ஒரு சொல். பாதுகாப்பான பொருள் பாவிக்கிறீர்கள் என்றால் அதைப் பலகையில் எழுதுங்கள். "நானோ" என்று எழுதின இடத்தில் "இங்கே அசிட் இல்லை" என்று எழுதுங்கள். பாவிக்கிற பொருட்களின் பெயரை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். அப்படி ஒட்டுகிற முதல் கழுவுமிடத்துக்கு எங்கள் குழுவில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற எல்லாரும் வருவோம். பேரம் பேசமாட்டோம்.